டர்போ வீராவைத் தொடக்கக் கோட்டிலிருந்து கிளப்புவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவரிடம் ஒரு புரோட்டோன் வீரா இருக்கிறது. பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கிய மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ இயந்திரத்தை அதில் பொருத்தி, முன் சக்கரங்களை மட்டும் இயக்கும் கியர்பாக்ஸுடன் இணைத்திருக்கிறார். டியூன் செய்யக்கூடிய ஈசியு (இயந்திரத்தை ஆளும் கணினி), 1.2 பார் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்), செராமிக் கிளட்ச், முன்னால் பந்தயத்துக்கான செமி-ஸ்லிக் டயர்கள், கிளம்பும் முன் ஆர்பிஎம்மை ஓர் எல்லையில் பிடித்துவைக்கும் டூ-ஸ்டெப் (அது 5500-இல் நிறுத்தப்பட்டிருக்கிறது) ஆகியவையும் உள்ளன. செப்பாங்கின் டிராக் பந்தயத் தடத்தில் ஓட்டியபோது, கிளம்பியதும் முதல் 60 அடியைக் கடக்க எடுக்கும் அவருடைய 60 அடி நேரம் 2.6 விநாடிக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு முறை டயர் சுழன்று புகை கிளம்புகிறது; மறுமுறை இயந்திரம் அமுங்கி, கார் நகரவே தயங்குகிறது. டூ-ஸ்டெப்பை 6500-க்கு ஏற்றி, டர்போவைத் தளரவிடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும் ஆண்டி-லேக்கும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று வொர்க்ஷாப்பில் சொல்கிறார்களாம். அப்படிச் செய்யலாமா என்பதே அவருடைய கேள்வி.

செய்ய வேண்டாம், தம்பி. அது நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் ஊசி போடும் வேலை. உங்கள் காருக்கு முதல் கியரில் தேவைப்படும் பூஸ்ட் அநேகமாகச் சுழியத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

உங்களையும் சேர்த்துக் கார் 1000 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரமும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், நிற்கும்போது ஏறத்தாழ 620 கிலோ முன் சக்கரங்களின் மேல் இருக்கும். கார் முன்னோக்கி முடுக்கம் பெறும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பது காரின் எடை, முடுக்கம், எடை மையத்தின் உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். வீராவின் அச்சிடைத் தூரம் 2.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு வேகமாகக் கார் கிளம்பினால், 120 கிலோ முன்னாலிருந்து பின்னால் போய்விடும். முன் டயர்களின் மேல் எஞ்சுவது 500 கிலோதான். செமி-ஸ்லிக் டயரின் பிடிமானக் குணகம் 1.2 என்றால், அந்த 500 கிலோவைக் கொண்டு 600 கிலோ அளவு விசையைத் தரைக்குக் கொடுக்கலாம்; 1000 கிலோ காருக்கு அது சரியாக 0.6 பங்கு முடுக்கம். ஆக, உங்கள் காரின் உச்ச வரம்பு அதுதான். இயந்திரத்தில் 200 குதிரைத்திறன் இருந்தாலும் 500 இருந்தாலும், இந்த டயரும் இந்தத் தரையும் இருக்கும்வரை முதல் சில மீட்டர்களில் அந்த வரம்பு மாறாது.

இதே எடையுள்ள கார் பின் சக்கர இயக்கமாக இருந்து, எடை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிந்திருந்தால், அதே டயரில் வரம்பு 0.79 பங்காக உயர்ந்துவிடும். ஏனென்றால் சாயும் எடை இயக்கும் சக்கரங்களின் மேலேயே போய் விழுகிறது. பின் சக்கரக் கார்களும் நான்கு சக்கர இயக்க லான்சர் எவோக்களும் எந்த ஆர்பிஎம்மில் கிளம்புகின்றன என்று காணொளிகளில் பார்த்துவிட்டு, அதே எண்ணை முன் சக்கரக் காரில் போடுவது ஏன் உதவாது என்பதற்கு இதுவே காரணம். உங்கள் 4ஜி93 டர்போவே லான்சர் ஜிஎஸ்ஆரில் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து கொடுத்த இயந்திரம்தான். இப்போது அந்த முழு விசையும், அதுவும் கூட்டப்பட்ட பூஸ்டோடு, கிளம்பும் நேரத்தில் இலேசாகிப்போகும் இரண்டு டயர்களின் மேல் வந்து நிற்கிறது.

அடுத்து, அந்த 600 கிலோ விசையைக் கொடுக்க இயந்திரம் எவ்வளவு முறுக்குவிசை தர வேண்டும் என்று பார்ப்போம். முதல் கியர் விகிதம் 3, இறுதி விகிதம் 4 என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், மொத்தம் 12 மடங்கு. டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர். கணக்குப்படி 142 நியூட்டன் மீட்டர் வருகிறது. கியர்பாக்ஸில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 160. பூஸ்ட் ஏதும் இல்லாத 1.8 லிட்டர் இயந்திரமே ஏறத்தாழ இந்த அளவைக் கொடுத்துவிடும். நீங்களோ 1.2 பார் பூஸ்டில் அதைப்போல இரு மடங்கை முதல் கியரில் கொட்டுகிறீர்கள். டயர் சுழலாமல் என்ன செய்யும்? இரண்டாவது கியரில், விகிதம் 1.8 அளவில் இருந்தால், தேவை 265 நியூட்டன் மீட்டருக்கு அருகில் போகிறது. மூன்றாவது கியரில் அது இன்னும் உயர்ந்து, உங்கள் முழு பூஸ்டையும் டயர் தாங்கிக்கொள்ளும். உங்கள் கியர்பாக்ஸின் உண்மையான விகிதங்களையும் டயரின் அளவையும் போட்டு இந்தக் கணக்கை நீங்கள் திரும்பவும் செய்ய வேண்டும்; எண்கள் கொஞ்சம் நகருமே தவிர, முடிவு மாறாது.

அப்படியானால் கோட்டில் நிற்கும்போது பூஸ்ட் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை காண, டூ-ஸ்டெப் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கியர் விழாத நிலையில் இயந்திரத்தை 5000 ஆர்பிஎம்மில் வைத்திருக்க ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் தொட்டாலே போதும். காற்று நுழையும் வாயிலான திராட்டில் சிறிதளவே திறந்திருப்பதால் உள்ளே போகும் காற்றும் குறைவு, வெளியே வரும் புகையும் குறைவு. புகையால் சுழலும் டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்றும் ஆற்றல் அதில் இல்லை. அதனால்தான் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும் டர்போ காரில் பூஸ்ட் மீட்டர் எழுவதில்லை. டூ-ஸ்டெப்பில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கிறீர்கள். திராட்டில் முழுவதும் திறக்கிறது. ஈசியு சில சிலிண்டர்களின் தீப்பொறியை வெட்டி ஆர்பிஎம்மை மட்டும் பிடித்துவைக்கிறது. எரியாத கலவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் போய் அங்கே எரிகிறது. அதோடு தீப்பொறி விழும் நேரத்தையும், அதாவது இக்னிஷனையும், பின்தள்ளினால், சிலிண்டருக்குள் எரிய வேண்டியது வால்வு திறக்கும் நேரத்திலும் எரிந்துகொண்டே வெளியேறுகிறது. கிராங்குக்குப் போக வேண்டிய ஆற்றல் வெப்பமாக டர்பைனுக்குப் போகிறது. இயந்திரம் நிறையக் காற்றை விழுங்குகிறது, ஆனால் குறைவான விசையே தருகிறது. நிற்கும் காரில் பூஸ்ட் வருவது இந்த வழியில்தான். பெட்ரோலை வெட்டும் பழைய வகை லிமிட்டரில் எரிவதற்கு ஒன்றும் மிஞ்சாததால் பூஸ்ட் சரியாக எழாது. கலவை வறண்டுபோகும் ஆபத்தும் உண்டு.

அந்த வெப்பத்துக்கு விலை இருக்கிறது. எக்ஸாஸ்ட் வெப்பநிலை 900 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். மேனிஃபோல்டு விரிசல் விடும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், டர்பைன் ஹவுசிங் பிளக்கும். ஹாஃப்கட்டில் வந்த பழைய டர்போவுக்கு இது நல்லதல்ல. ஒரு முறைக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் டூ-ஸ்டெப்பைப் பிடித்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. பின்னால் துப்பாக்கி வெடிப்பதுபோல் சத்தம் கேட்டால் கூட்டம் கைதட்டும். நேர அட்டையில் அந்தக் கைதட்டல் ஏறாது. ஆண்டி-லேக் இதே வேலையை இன்னும் கடுமையாகச் செய்வதுதான். உங்கள் காரில் அது தேவைப்படும் இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோட்டில் கொஞ்சம் பூஸ்ட் இருப்பதன் உண்மையான பயன் இரண்டு. கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் ஆர்பிஎம் சற்று விழுந்தாலும் இயந்திரம் மூச்சுத் திணறாமல் எழுந்துகொள்ளும். இரண்டாவது கியர் விழும்போது டர்போ ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் அங்கே வேண்டிய பூஸ்ட் தாமதமின்றிக் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் 0.3 முதல் 0.5 பார் போதும்.

இனி 5500 என்ற எண்ணுக்கு வருகிறேன். முதல் கியரில் 5500 ஆர்பிஎம் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 458 முறை சுழலும். அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். கார் நிற்கிறது, இயந்திரமோ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் அந்த வேகத்தை எட்டும்வரை, இயந்திரத்துக்கும் தரைக்கும் இடையில் எங்காவது ஓர் இடம் வழுக்கியே ஆக வேண்டும்; அல்லது இயந்திரத்தின் ஆர்பிஎம் விழ வேண்டும். வழுக்க இடம் இரண்டே: கிளட்ச், டயர். 0.6 பங்கு முடுக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 2.4 விநாடி ஆகும். அதற்குள் 60 அடி அநேகமாக முடிந்துவிடும். அதாவது உங்கள் 60 அடி முழுவதுமே ஒரு வழுக்கல்தான். எது, எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால், செராமிக் கிளட்ச் உங்களுக்காக முடிவு செய்துவிடும். அது ‘பிடி’, ‘விடு’ என்ற இரண்டு நிலைகளை மட்டும் அறிந்தது. பிடித்ததும் வழுக்கல் முழுவதும் டயருக்குப் போகிறது. அதற்குப் பயந்து நீங்கள் அடுத்த முறை ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கிறீர்கள். கிளட்ச் அதே முரட்டுத்தனத்தோடு பிடிக்கிறது. இந்த முறை டயர் தாக்குப்பிடித்துவிடுவதால் ஆர்பிஎம் 2500-க்கு விழுகிறது. எக்ஸாஸ்ட் புகை குறைந்து, டர்பைன் தளர்ந்து, பூஸ்ட் போய், அதை மீட்டெடுக்கப் புகையும் இல்லாமல் இயந்திரம் தவிக்கிறது. டர்போ இல்லாத காரில் அமுங்கல் ஒரு தடுமாற்றம் மட்டுமே; டர்போ காரில் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல். உங்களுடைய இரண்டு நோய்களும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்தான்.

கிளட்சை விடும்போது இயந்திரத்தோடு சுழன்றுகொண்டிருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் தேங்கியிருக்கும் ஆற்றலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபிளைவீல், கிராங்க், கிளட்ச் எல்லாம் சேர்ந்து 5500 ஆர்பிஎம்மில் வைத்திருக்கும் ஆற்றல், தோராயமாக 25 கிலோஜூல். 1000 கிலோ கார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதற்குச் சமமான ஆற்றல் அது. செராமிக் கிளட்ச் ஒரு நொடியின் சிறு பகுதியில் பிடித்துவிட்டால் இவ்வளவும் ஒரே அடியாக, சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மேல் இறங்குகிறது. ஏற்கெனவே ஒரு டிரைவ் ஷாஃப்டை முறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் பூஸ்ட் என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் இந்த அடிதான் காரணமாக இருக்கும். ஆர்பிஎம்மை 6500-க்கு ஏற்றினால் இந்த ஆற்றல் இன்னும் 40 விழுக்காடு கூடும், ஏனெனில் ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு அது வளர்கிறது. வொர்க்ஷாப்பில் சொன்ன யோசனைக்கு என் பதில் ஏன் அவ்வளவு சுருக்கமாக இருந்தது என்பது இப்போது விளங்கும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கிளட்ச். வழுக்கலைத் தாங்கக்கூடிய ஆர்கானிக் தட்டு, அல்லது பாதி ஆர்கானிக் பாதி உலோகக் கலவையாலான தட்டு ஒன்றை, கனமான பிரஷர் பிளேட்டோடு போடுங்கள். வழுக்குவதால் அதில் வெப்பம் ஏறும் என்பது உண்மை. ஆர்பிஎம்மை நிலையாகப் பிடித்தபடி வழுக்கவிட்டால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான வெப்பம் கிளட்சில் இறங்கும். 5500-இல் அது 95 கிலோஜூலுக்கு அருகில், 4000-இல் 50 கிலோஜூலுக்கு அருகில். டூ-ஸ்டெப்பை 4000-க்கு இறக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். 4000 ஆர்பிஎம் என்பது முதல் கியரில் மணிக்கு 36 கிலோமீட்டர். வழுக்க வேண்டிய நேரமும் சுருங்குகிறது. இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் கிளட்ச் ஆறுவதற்கு நேரம் கொடுங்கள். கருகிய வாடை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கிளட்ச் பெடலை விடுவதில் பழக்கம் தேவை. காலைச் சட்டென்று எடுப்பதும் தவறு, நகரப் போக்குவரத்தில் விடுவதுபோல் மெல்ல விடுவதும் தவறு. பெடலின் மேல் பகுதியில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை விரைவாக வந்து, அங்கே ஒரு கணம் நின்று, கார் நகர்ந்த பிறகு மீதியை விட வேண்டும். நிறைந்த ரப்பர் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தூக்குகிறவர் முதலில் கம்பு வளையும்வரை தோளைக் கொடுத்து, பாரம் ஏறிய பிறகே எழுந்து நடப்பார். அந்த முறைதான் இதற்கும். கால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது என்பதால், கிளட்சின் எண்ணெய்க் குழாயில் ஓட்டத்தைக் குறைக்கும் சிறு வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்வோரும் உண்டு. நீங்கள் காலைச் சட்டென்று எடுத்தாலும் எண்ணெய் மெல்லத் திரும்புவதால் கிளட்ச் ஒரே கால அளவில் பிடிக்கும். செலவு குறைவு, பலன் நிச்சயம். ஈசியுவில் இருக்கும் பல கவர்ச்சியான வசதிகளைவிட எனக்கு இது பிடிக்கும்.

கிளட்சுக்கு அடுத்தது பூஸ்டை கியருக்கேற்பப் பிரிப்பது. முதல் கியரில் வேஸ்ட்கேட் (மிகைப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) அனுமதிக்கும் மிகக் குறைந்த பூஸ்ட், இரண்டாவதில் 0.7 அல்லது 0.8 பார், மூன்றாவதில் 1.2 என்று தொடங்கலாம். இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் 0.7 பாருக்குரியது என்றால், எந்தக் கண்ட்ரோலரும் அதற்குக் கீழே பூஸ்டை இறக்க முடியாது. ஒன்று, மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டு, மேலே வேண்டியதை ஈசியு இயக்கும் மின்வால்வான சொலினாய்டு மூலம் பெற வேண்டும். அல்லது, முதல் கியரில் இக்னிஷனைச் சில டிகிரி பின்தள்ளி முறுக்குவிசையைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வழி எளிது, ஆனால் வெப்பத்தைக் கூட்டும். நான் ஸ்பிரிங்கைத்தான் மாற்றுவேன். வீராவின் திராட்டில் கேபிளால் இழுக்கப்படுவது. இன்றைய கார்களைப்போல் ஈசியு தானாகவே திராட்டிலை மூடிக் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் ஈசியுவில் இருக்கக்கூடிய இன்னொரு வசதியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கிளட்சை விட்ட கணத்திலிருந்து ஆர்பிஎம் வரம்பு 4000-இலிருந்து ஒன்றரை இரண்டு விநாடியில் படிப்படியாக மேலே ஏறுமாறு அமைக்கலாம். டயர் தேவைக்கு மேல் சுழல முயன்றால் அந்த ஏறும் வரம்பில் முட்டி நின்றுவிடும். சக்கர வேக சென்சார்கள் இல்லாத காருக்கு இது ஓர் ஏழையின் டிராக்‌ஷன் கண்ட்ரோல். டயர் சிறிதளவு சுழல்வது குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காரின் வேகத்தைவிடச் சக்கரத்தின் வேகம் 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருக்கும்போதுதான் டயர் உச்சப் பிடிமானத்தைத் தருகிறது. அதைத் தாண்டினால்தான் சரிவு.

டயரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காற்றழுத்தத்தை எழுதியிருந்தீர்கள், நான்கிலும் 32 பிஎஸ்ஐ. முன் செமி-ஸ்லிக்கில் 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, இரண்டு இரண்டாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்; பின் டயர்களில் 40 வரை ஏற்றலாம், அவை உருண்டால் போதும். பக்கச் சுவர் மடங்கும் உண்மையான டிராக் ஸ்லிக் என்றால் 12 முதல் 15 வரை இறக்குவார்கள். செமி-ஸ்லிக்கில் அவ்வளவு வேண்டாம். பர்ன்அவுட் என்பது டயரில் ஒட்டிய மண்ணை அகற்றி மேற்பரப்பைச் சூடாக்குவதற்கே. கைபிரேக்கை இழுத்துவிட்டு இரண்டாவது கியரில் இரண்டு மூன்று விநாடி போதும். நம் நாட்டு வெயிலில் அதற்கு மேல் போனால் செமி-ஸ்லிக்கின் ரப்பர் எண்ணெய்ப் பசைபோல் ஆகிவிடும்.

எடை பின்னால் சாய்வதைத் தடுப்பதற்கு இல்லை, அது இயற்பியல். ஆனால் சாயும் வேகத்தையும், பின்பக்கம் அமர்ந்து எடை மையம் இடம் மாறுவதையும் கட்டுப்படுத்தலாம். பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்குங்கள், முன் அப்சார்பர் நீள்வதை மெதுவாக்குங்கள், காரைத் தாழ்த்துங்கள். எடை மையத்தை 5 சென்டிமீட்டர் இறக்கினாலே சாயும் எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும். எடை குறைப்பதென்றால் பின்னாலிருந்து குறையுங்கள்: பின் இருக்கை, உதிரி டயர், ஒலிபெருக்கிப் பெட்டி. பேட்டரியைப் பின்னால் கொண்டுபோவது பின் சக்கரக் காருக்குரிய உத்தி. உங்களுக்கு அது முன்னாலேயே இருக்கட்டும். கடும் திறனுள்ள முன் சக்கர டிராக் கார்களில் பின்னால் வீலி பார் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு எழும்பாமல் பின்பக்கத்தைத் தாங்கி, எடையை முன்னே பிடித்துவைப்பதற்குத்தான் அது. இயந்திர மவுண்டுகள் தளர்ந்திருந்தால் டயர் குதித்துக் குதித்துப் பிடிக்கும். டிரைவ் ஷாஃப்டுகளுக்கு அதைவிடக் கொடிய பகை வேறில்லை. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கச் செய்யும் எல்எஸ்டி இல்லாவிட்டால் இலேசான பக்கத்துச் சக்கரம் மட்டும் சுழன்று, மேலே கணக்கிட்ட வரம்பை எட்ட முடியாமல் போகும். பணம் சேர்த்தால் முதலில் அதற்குச் செலவிடுங்கள், பெரிய டர்போவுக்கு அல்ல.

இவ்வளவும் 1.8 லிட்டர் டர்போவுக்குச் சொன்னது. 660 சிசி டர்போ இயந்திரம் போட்ட கஞ்சில், கெலிசா போன்ற பெரொடுவாவின் சிறிய கார்களை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சிறிய இயந்திரம் பூஸ்ட் இல்லாமல் மிகக் குறைந்த விசையையே தருவதால், அங்கே அமுங்கல்தான் பெரிய ஆபத்து; உயர்ந்த ஆர்பிஎம்மும் கோட்டில் கணிசமான பூஸ்டும் அதற்கு உண்மையாகவே தேவை.

கோட்டில் நிற்கும் முறையைப் பற்றியும் சிறிது. முதல் ஒளிக்கதிரை முன் சக்கரம் மறைத்ததும் மேல் விளக்கு எரியும். இன்னும் சில அங்குலம் நகர்ந்தால் இரண்டாவது எரியும். டூ-ஸ்டெப்பை இரண்டாவது விளக்கு எரிந்த பிறகு பிடியுங்கள். முன்னதாகவே பிடித்துக்கொண்டு காரை நகர்த்தினால் கிளட்ச் அங்கேயே கருகத் தொடங்கும். மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அரை விநாடி இடைவெளியில் எரியும் முறை என்றால் உங்களுக்குத் தாராளமான நேரம் இருக்கிறது: இரண்டாவது மஞ்சள் விளக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால்கூட, கடைசி மஞ்சளுக்குள் 4000-இல் 0.3 பார் எழுந்துவிடக்கூடும். மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்து 0.4 விநாடியில் பச்சை விழும் முறையில் அப்படிக் காத்திருக்க முடியாது. விளக்கு எரிவதற்கு முன்பே டூ-ஸ்டெப்பில் இருக்க வேண்டும். 60 அடி நேரமும் கால் மைல் நேரமும் உங்கள் சக்கரம் ஒளிக்கதிரை விட்டு வெளியேறும்போதுதான் தொடங்குகின்றன. பச்சையைக் கண்டு நீங்கள் தாமதித்த நேரம் அவற்றில் சேராது. காரைப் பழக்கும் நாளில் எதிர்த் தடத்தில் நிற்பவரை மறந்துவிட்டு, பூஸ்ட் நிலைபெற்றதும் கிளம்புங்கள். போட்டியென்று வரும்போது மட்டும் அந்தத் தாமதமும் உங்கள் கணக்கில்தான்.

தோட்டச் சாலையில் செம்பனைக்கும் ரப்பர் மரத்துக்கும் நடுவே ஒரு நேர்ப்பாதை இருக்கிறது, அங்கே பழகிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. பொதுச் சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். தோட்டத்துக்குச் சொந்தமான பாதையாக இருந்தாலும் விடிவதற்கு முன்பே விளக்கில்லாத சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வேலைக்குப் போகிறவர்கள் அதில் வருவார்கள். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், செம்மண் தூசியும் பழக்குலை லாரிகள் சிந்திய எண்ணெயும் படிந்த அந்தத் தார், செப்பாங்கின் தளத்தைப் பற்றி உங்களுக்கு எதையும் கற்றுத்தராது. தோட்டப் பாதையில் சரியாக வரும் அமைப்பு செப்பாங்கில் தவறாக இருக்கும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டி செப்பாங் போகிறீர்கள். அதனால் அங்கே எதை எந்த வரிசையில் சோதிப்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். கிளட்சை மாற்றிய பிறகு, முதல் ஓட்டத்தில் 4000 ஆர்பிஎம், முதல் கியரில் குறைந்த பூஸ்ட், முன் டயரில் 20 பிஎஸ்ஐ. ஈசியுவில் பதிவாகும் ஆர்பிஎம்மையும் பூஸ்டையும் ஓட்டம் முடிந்ததும் திறந்து பாருங்கள். கிளட்சை விட்டதும் ஆர்பிஎம் துள்ளி மேலே ஏறியிருந்தால் டயர் சுழன்றிருக்கிறது: முதலில் டயரின் காற்றழுத்தத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு இக்னிஷனை, கடைசியில்தான் டூ-ஸ்டெப் ஆர்பிஎம்மை. ஆர்பிஎம் 3000-க்குக் கீழே விழுந்திருந்தால் அமுங்கியிருக்கிறது: 200, 300 என்று டூ-ஸ்டெப்பை ஏற்றுங்கள், அல்லது கிளட்சை இன்னும் சற்று நீட்டி விடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். மாலையில் தொடங்கி இரவுவரை நிகழ்ச்சி நீண்டால் தளம் குளிர்ந்து, மழை பெய்த நாளில் ஈரமும் ஏறி, பிடிமானம் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்குக் கண்டுபிடித்த எண்ணைப் பத்து மணிக்கும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 0.6 பங்கு முடுக்கத்தை முழுமையாகப் பயன்படுத்தினால், ஒளிக்கதிரை விட்டு வெளியேறும் முன் கார் உருளும் ஒரு சாணையும் கணக்கில் சேர்த்து, 60 அடி நேரம் ஏறத்தாழ 2.2 விநாடி வரும். உங்கள் 2.6 என்பது 0.44 பங்குதான், டயர் கொடுக்கத் தயாராக இருப்பதில் கால் பங்குக்கு மேல் நீங்கள் வாங்கிக்கொள்ளாமல் விட்டிருக்கிறீர்கள். செமி-ஸ்லிக்கில் 2.2, 2.3 என்று தொடர்ந்து வரத் தொடங்கியதும் உண்மையான ஸ்லிக் டயருக்குப் போகலாம். அதன் பிடிமானம் 1.6 என்றால் வரம்பு 0.75 பங்குக்கு உயர்ந்து, நேரம் 2 விநாடிக்குக் கீழே எட்டிப் பார்க்கும். அப்போது முதல் கியரில் 200 நியூட்டன் மீட்டர்வரை டயர் கேட்கும். முதல் கியர் பூஸ்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியது அப்போதுதான். டிரைவ் ஷாஃப்டுகளையும் அவற்றின் முனையிலுள்ள மூட்டுகளான சிவி ஜாயிண்டுகளையும் ஸ்லிக்கைப் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஏனெனில் டயர் வழுக்குவதை நிறுத்தியதும் அடுத்து இளகிக்கொடுக்கப் போவது அவைதான்.